விருந்துக்குத் துலங்கும் இல்லம்

மார்கழி பிறந்துவிட்டால் திருவாலங்காட்டுச் சுற்றுவட்டாரத்தில் இரண்டு ஏற்பாடுகள் ஒருசேரத் தொடங்கும். கோயிலில் திருவாதிரைக்கான ஏற்பாடு. வீடுகளில் பொங்கலுக்கான ஏற்பாடு. வாசலில் கோலம், சுவரில் சுண்ணாம்பு, பரணில் ஒட்டடை என்று தை முதல் நாள் வரை வீட்டில் எவருக்கும் ஓய்விராது. ஆனால் இத்தலத்தின் பெருமையைச் சொல்லும்போது நினைவில் முந்தி நிற்பவர், இல்லத்தைத் துறந்து வந்த காரைக்கால் அம்மையார். வீடு வேண்டாம் என்று வந்தவர் உறையும் ஊரில், வீட்டை இத்தனை அக்கறையோடு புதுப்பிப்பது எதற்காக? அதற்கான விடை அம்மையாரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஆலவனத்தில் ஒரு சபை

ஆலமரங்கள் அடர்ந்த காடாக இருந்ததால் ஆலங்காடு. வடமொழியில் வடாரண்யம், ஆதலால் இறைவன் வடாரண்யேசுவரர். அம்பிகை வண்டார்குழலி. சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருக்குற்றாலம் ஆகியவற்றோடு ஐந்து சபைகளில் ஒன்றாக எண்ணப்படும் இரத்தின சபை இங்கே உள்ளது. காளியோடு ஆடியபோது காதிலிருந்து விழுந்த குழையைக் காலாலேயே எடுத்து அணிந்து, காலை மேலே தூக்கிப் பெருமான் ஊர்த்துவ தாண்டவம் ஆடிய இடம் இதுவே என்பது தலபுராணம்.

அருகிலுள்ள பழையனூருக்கும் இக்கோயிலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1905-ஆம் ஆண்டு கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராஜேந்திர சோழன் பழையனூரை இக்கோயிலுக்கு வழங்கிய செய்தியைக் கூறுகின்றன. அம்மையார் தலையால் நடந்த மண்ணைத் தம் காலால் மிதிக்க அஞ்சிய திருஞானசம்பந்தர், ஆலங்காட்டினுள் புகாமல் அருகில் தங்கினார் என்கிறது பெரியபுராணம்.

மாங்கனி பரிமாறிய கை

அந்த அம்மையாரும் ஒரு காலத்தில் இல்லத்தரசிதான். காரைக்காலில் வணிகர் பரமதத்தரின் மனைவியாகப் புனிதவதியார் என்ற பெயரோடு வாழ்ந்தவர். கணவர் அனுப்பிய இரண்டு மாங்கனிகள் வீட்டில் இருந்தபோது, பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். சோறு வெந்திருந்தது, கறியமுது ஆகவில்லை. புனிதவதியார் தயங்கவில்லை. இலையில் சோற்றைப் பரிமாறி, ஒரு மாங்கனியையும் வைத்து அடியாரின் பசியைத் தீர்த்தார். பின்னர் இறையருளால் கிடைத்த கனியும், கணவரின் பிரிவும், பேயுருவும், கயிலைப் பயணமும், இறைவன் திருவாயால் ‘அம்மை’ என அழைக்கப்பெற்ற பேறும் அந்த ஓர் உபசாரத்திலிருந்தே தொடங்கின. எப்போதும் திருவடிக்கீழ் இருக்க வேண்டும் என்று அவர் வேண்ட, இறைவன் காட்டிய இடம் ஆலங்காடு.

அடியார் வந்த நேரத்தில் அந்த வீட்டில் சமையல்கூட முடிந்திருக்கவில்லை. வந்தவரை வரவேற்கும் மனம் ஆயத்தமாக இருந்தது. அந்த மனத்தை ஆண்டுக்கு ஒருமுறை கைவேலையால் நினைவூட்டுவதே மார்கழியில் வீட்டைத் துலக்கும் வழக்கம்.

வாசலில் தொடங்கும் பணி

விடியுமுன் வாசல் பெருக்கி, சாணம் கரைத்துத் தெளித்து, ஈரம் காயுமுன் புள்ளி வைப்பது முதல் வேலை. கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாரை வைத்துப் பூசணிப்பூவைச் செருகுவார்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய மாவட்டம் ஆதலால், தெலுங்கு பேசும் குடும்பங்களில் இதே சாண உருண்டைக்குக் ‘கொப்பெம்மா’ என்று பெயர். அதைச் சுற்றிப் பெண்பிள்ளைகள் பாடிக் கும்மியடிப்பதும் உண்டு.

கோலத்துக்குப் பச்சரிசி மாவு என்று பெரியோர் வகுத்ததில் தருமம் அடங்கியிருக்கிறது. எறும்பும் குருவியும் அன்றைய முதல் விருந்தாளிகள். வெள்ளைக்கல் மாவில் கோலம் பளிச்சென்று தெரியும். ஆனால் எறும்புக்கு அதில் உணவில்லை. பெரிய கோலத்தைக் கல்மாவில் போட்டாலும், நடுவில் ஓர் இழையாவது அரிசி மாவில் இழுத்தால் அந்தத் தருமம் நிலைக்கும்.

சுண்ணாம்பும் காவியும்

மார்கழியில் திருமணமும் புதுமனை புகுவிழாவும் நடத்துவதில்லை. அதனால் சுவரைத் தொடுவதற்கும் தடையுண்டோ என்று சிலர் ஐயுறுவர். புது வீடு புகுவது வேறு; இருக்கும் வீட்டைத் துப்புரவு செய்து வெள்ளையடிப்பது வேறு. பின்னது பொங்கலுக்கு முன் தொன்றுதொட்டு நடந்துவருவது. இதற்குக் காலமும் துணைநிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர்கள் ஊறிப் பாசி படிந்திருக்கும். மழை ஓயும் மார்கழியில்தான் அவற்றைச் சுரண்டித் துடைத்து உலரவிட முடியும்.

சுண்ணாம்பில் நீர் ஊற்றியதும் அது கொதித்து நீறும். ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, துளி நீலம் கலந்து பூசுவார்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துச் சில நாட்களில் அது கல்லாக இறுகும். அதன் காரத்தன்மை பாசியையும் பூஞ்சையையும் தடுக்கும். திண்ணை ஓரத்தில் காவிப் பட்டை தீட்டினால் வீட்டுக்கே கோயில் மதிலின் களை வந்துவிடும்.

திருவாதிரையும் போகியும்

வேலைகளுக்கு நடுவே வருவது திருவாதிரை. அன்று இரவு இரத்தின சபாபதிக்கு அபிஷேகம் நடைபெற, பனியைப் பொருட்படுத்தாது விழித்திருக்கும் பக்தர்கள் விடியலில் ஆருத்ரா தரிசனம் காண்பார்கள். வீடுகளில் களியும் பல காய்கள் சேர்ந்த கூட்டும் நிவேதனம். பாதி வெள்ளையடித்த வீடாயினும் அன்று அடுப்படி மட்டும் முழுத் தூய்மையாக இருக்க வேண்டும் என்பது பாட்டிமார் கண்டிப்பு.

மார்கழியின் கடைசி நாள் போகி. நைந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் கழிக்கப்படும். பழைய நாளில் கழித்தவை ஓலையும் நாரும்; எரித்தால் சாம்பலாகும். இன்று கழிபவை பிளாஸ்டிக்கும் ரப்பரும். அவற்றை எரிக்கும் புகை பனியோடு கலந்து முதியோரின் மூச்சையே முதலில் வாட்டுகிறது. நல்ல நிலையிலுள்ள துணியையும் பாத்திரத்தையும் தேவைப்படுவோருக்கு அளிப்பதே போகிக்கு ஏற்றது. மறுநாள் மாவிலைத் தோரணமும் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாசலை நிறைக்கும். சர்க்கரை ஆலை உள்ள ஊர் திருவாலங்காடு. கரும்பு ஏற்றிய வண்டிகள் இப்பகுதிச் சாலைகளுக்குப் புதிதல்ல.

கை மாறும் கோலம்

இன்று இப்பணிகளைச் செய்யும் கைகள் குறைந்துவருகின்றன. இளையவர்கள் அதிகாலை மின்ரயிலில் சென்னைக்கோ, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்கோ விரைகிறார்கள். வீட்டில் இருப்போர் பலர் குனிந்து எழ முடியாத மூத்தோர். வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் நிலை ஊர்தோறும் உண்டு. ‘என்னால் முடியவில்லையே’ என்று வருந்தும் பாட்டியும், ‘ஏணியில் நானே ஏறுகிறேன்’ என்று பிடிவாதம் பிடிக்கும் தாத்தாவும் எத்தனையோ இல்லங்களில் இருக்கிறார்கள்.

மூத்தோர் பங்கு ஏணியில் இல்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே புள்ளிக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கலாம். சுண்ணாம்பில் எவ்வளவு நீலம் என்று பதம் காட்டலாம். திருவாதிரைக் களிக்கு அரிசி வறுக்கும் பக்குவத்தை உணர்த்தலாம். பேத்தி போடும் முதல் கோலம் கோணலாகத்தான் இருக்கும். அதை அழித்துத் திருத்தாமல் விட்டால், மறுநாளும் அவள் மாவுக் கிண்ணத்தை எடுப்பாள். ஒரே ஒரு கோலத்தை ஒரு பிள்ளைக்கு இந்த மாதத்தில் கற்றுத்தந்தால், அந்த வீட்டின் மார்கழி அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிட்டது என்றே பொருள்.

எல்லாம் முடிந்தபின் எஞ்சும் ஒரு வேலை, கதவைத் திறந்துவைப்பது. தனித்திருக்கும் அண்டை வீட்டாரோ, பசியோடு வரும் வழிப்போக்கரோ, பொங்கலன்று ஒருவரேனும் அந்த வீட்டில் இலை முன் அமர்ந்தால், ஒரு மாத உழைப்பு நிறைவு பெறும். கறியமுது ஆகாத வேளையிலும் கனி தந்த புனிதவதியாரை, இரத்தின சபையில் ஆடும் பெருமான் தம் திருவடிக்கீழ் இருத்திக்கொண்டார். வந்தவருக்கு இலை போடும் இல்லத்துக்கும் அந்தத் திருவருள் துணைநிற்கும்.