காலை உணவும் நீரிழிவும்: மருந்து எடுப்போர் அறிய வேண்டியவை

பொழுது விடியுமுன்பே வேலைக்குப் புறப்படும் தமிழர் இங்கிலாந்தில் பலர். பெற்றோல் நிலையம், பேரங்காடி, முதியோர் இல்லம் என எங்கு பணி புரிந்தாலும், ஒரு கோப்பை பால்தேநீருடன் வீட்டை விட்டு வெளியேறி, நண்பகல்வரை வேறெதுவும் உண்ணாதிருப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. நலமாக உள்ளவருக்கு இதனால் களைப்பு மட்டுமே ஏற்படலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்கோ இது ஆபத்தாக முடியக்கூடும்.

காலையில் இரத்தச் சர்க்கரை கூடுதலாக இருப்பதைக் கண்டு, உணவைத் தவிர்த்தால் அது குறைந்துவிடும் எனக் கருதுவோர் உளர். இரவு முழுவதும் உண்ணாதபோதும் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியிடுகிறது. விடியலில் சுரக்கும் சில ஓர்மோன்கள் அதனை மேலும் உயர்த்துகின்றன. எனவே காலை அளவு கூடியிருப்பது பட்டினி கிடப்பதற்கான காரணமன்று. மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டிய செய்தி.

கிளிக்ளசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுத்தபின் உண்ணாதிருந்தால் இரத்தச் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகியன இதன் அறிகுறிகள். உடனடியாக ஒரு சிறிய குவளை பழச்சாறு அல்லது 4, 5 குளுக்கோஸ் மாத்திரைகள் எடுத்து, 10 முதல் 15 நிமிடங்களின் பின் மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். சொக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை உடலிற் சேர்வதைத் தாமதப்படுத்துவதால் அது இவ்வேளைக்கு உதவாது. மயங்கியவரின் வாயில் எதையும் இடாது 999 இலக்கத்தை அழைக்க வேண்டும். மெற்போமின் மட்டும் எடுப்போருக்கு இவ்வாறு இறங்குவது அரிது. ஆயினும் அதனை உணவோடு எடுத்தால் வயிற்றுக் கோளாறு குறையும்.

நம் காலை உணவைக் கைவிட வேண்டியதில்லை. அளவையும் சேர்க்கையையும் மாற்றினாற் போதும். வெள்ளை அரிசிமா இடியப்பமும் வெள்ளைப் பாணும் சர்க்கரையை விரைவாக உயர்த்துவன. ஆறு இடியப்பம் உண்பவர் மூன்றோடு நிறுத்தி, பருப்புக் கறி, அவித்த முட்டை, கீரை ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். குரக்கன் பிட்டு, அவித்த பயறு, கடலை, சர்க்கரை சேர்க்காத ஓட்ஸ் கஞ்சி என்பன நல்லவை. சொதிக்குத் தேங்காய்ப்பாலைக் குறைத்துக்கொள்வது இதயத்திற்கு நன்று. கடையில் வாங்கும் தானிய உணவுப் பெட்டியில் 100 கிராமுக்கு 22.5 கிராமுக்கு மேல் சர்க்கரை எனக் குறிப்பிட்டிருந்தால், அதன் மேலட்டை என்ன சொன்னாலும், அது இனிப்புப் பண்டமே.

வெள்ளிக்கிழமை விரதமோ கந்தசஷ்டியோ அனுட்டிக்க விரும்புவோர், விரதத்திற்குப் பல நாள் முன்னரே குடும்ப மருத்துவரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ பேசுதல் வேண்டும். மருந்தின் அளவையோ வேளையையோ அவர்கள் மாற்றித் தரக்கூடும். தாமாக மருந்தை நிறுத்துதல் கூடாது.

தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு ஏனையோரைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். இளவயதிலேயே தோன்றுவதும் உண்டு. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயதுவரையானோர், நீரிழிவு, இதய நோய் போன்றவை ஏற்கெனவே இல்லாதவிடத்து, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேசிய சுகாதார சேவையின் இலவச உடல்நலப் பரிசோதனையைப் பெறலாம். ஆங்கிலத்தில் உரையாடத் தயங்குவோர், நேரம் பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை எனக் கேட்க வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்து அழைத்துச் செல்லவும் தேவையில்லை.