ஸ்டியரிங்கில் ஒரு மைக் பட்டன்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியில் சாலையோரத்தைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டிருக்கும். அதற்குள்ளிருந்து ஆட்டுக்கூட்டம் எப்போது ரோட்டில் ஏறும் என்று சொல்ல முடியாது. இங்கே செல்போனைக் கையில் எடுப்பது ஆபத்து, குற்றமும்கூட. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அதை அபாயகரமாக ஓட்டுவதில் சேர்த்துவிட்டது. ஸ்டியரிங்கில் மைக் படம் போட்ட பட்டனுக்கு வேலை வருவது இங்கேதான்.

பல கார்களில் அதைத் தட்டினால் காரின் சொந்த மென்பொருள் விழிக்கும். அதற்குத் தெரிந்த கட்டளைகள் கொஞ்சம். சற்று நேரம் அழுத்திப் பிடித்தால்தான் போனில் இருக்கும் கூகுள் அசிஸ்டன்ட்டோ சிரியோ எழும். இந்த வித்தியாசம் தெரியாமல், "நம்ம காருக்குக் காது கேக்கல" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

உண்மையில் போனை எழுப்பும்போது காருக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. ப்ளூடூத் இணைப்பில் அந்தப் பட்டன் ஒரு காலிங் பெல், அவ்வளவுதான். சொன்னதைப் புரிந்துகொள்வது போனும், பெரும்பாலும் எங்கோ இருக்கும் சர்வரும்தான். கூரை விளக்கின் பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். மைக் பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான். டயர் இரைச்சல், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரியின் உறுமல் எல்லாம் உங்கள் குரலோடு சேர்ந்தே அதில் விழும். தாழ்ந்த உறுமலை மென்பொருள் ஓரளவு வடிகட்டிவிடும். சித்திரை வெயிலுக்கு முழு வேகத்தில் வைத்த ஏசியின் காற்று நேராக மைக்கில் அடித்தால் அந்த மென்பொருளும் திணறும். பேசுகிற நேரத்துக்கு ஃபேனைக் குறைத்துப் பாருங்கள்.

இன்னொரு குறுக்கமும் உண்டு. பழைய ப்ளூடூத் முறை குரலை நொடிக்கு 8,000 முறைதான் அளக்கிறது. அதனால் 4,000 ஹெர்ட்சுக்கு மேலுள்ள ஒலி போனுக்குப் போய்ச் சேராது. 'ஸ' ஒலியின் பெரும்பங்கு அதற்கு மேல்தான். 'சாயல்குடி' என்று சொன்னால் முதல் எழுத்தே மழுங்கிவிடும். புதிய கார்களில் அளவு 16,000. போனைக் காரின் திரையோடு இணைக்கும், 2014-இல் அறிமுகமான கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியாகப் போனால் இந்தப் பழைய நெருக்கடி இல்லை. ஒலி சரியாகப் போய்ச் சேர்ந்தாலும், அதைப் புரிந்துகொள்ளும் மொழிகளில் தமிழே கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. கூகுள் தன் பேச்சுணர் வசதியில் தமிழைச் சேர்த்தது 2017 ஆகஸ்டில்.

கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில், சரி. கவனம்? அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்ரிபிள் ஏ (AAA) சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக 2015-இல் இதை அளந்தார்கள். சில கார்களில் குரல் கட்டளை முடிந்த பிறகும் ஓட்டுநரின் கவனச் சிதறல் 27 நொடி வரை நீடித்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 600 மீட்டர். பட்டனை விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள். ஓடும்போது "வீட்டுக்குப் போன் போடு" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். வழி தேடுவது, மெசேஜ் சொல்லி எழுதவைப்பது எல்லாம் வண்டி நிற்கும்போது. வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்திருந்தால், சிக்னல் விட்டுப்போன இடத்தில் அசிஸ்டன்ட் கைவிரித்தாலும் வழி காட்டுவது நிற்காது.