மின்னஞ்சல் நிலையம் குடிபெயரும்பொழுது

அலுவலகம் ஒன்றிற்கு நாள்தோறும் வரும் கடிதங்களும் அங்கிருந்து போகும் கடிதங்களும் இன்று பெரும்பாலும் தாளில் எழுதப்படுவன அல்ல; மின்னஞ்சலாகவே செல்வன. அவற்றை வாங்கி, உரியவர் பெட்டியில் இட்டு, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். சர்வர் என்றதும் மாணவர்களுட் சிலருக்கு உணவு விடுதியில் இட்டிலி கொண்டுவருபவர் நினைவுக்கு வரக்கூடும். அதில் தவறில்லை, கேட்டதைக் கேட்டவருக்குக் கொண்டுவந்து தருவதுதான் இரண்டிற்கும் தொழில். இந்தச் சர்வரின் பழைய பதிப்பை விட்டுப் புதிய பதிப்புக்கு ஓர் அலுவலகம் மாறும்போது நேரும் இடர்ப்பாடுகள் யாவை என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

பலரும் அறிந்த ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சு என்பது 1996-ஆம் ஆண்டு வெளிவந்து, அன்றுதொட்டுப் பல பதிப்புகளைக் கண்டது. "பழைய பதிப்பு நன்றாகத்தானே ஓடுகிறது, அதனை ஏன் கலைக்க வேண்டும்?" என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் ஓடுவது வேறு, காவலோடு ஓடுவது வேறு. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் எக்ஸ்சேஞ்சின் நான்கு பாதுகாப்புக் குறைகளுக்கு மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. அக்குறைகளின் வழியே அதற்கு முன்னரே சிலர் அலுவலகங்களுக்குள் புகுந்திருந்தனர். திருத்தம் வெளிவந்த பின்னரோ, அதனை இடாதிருந்த சர்வர்களைத் தேடித் தேடித் தாக்கினர்.

இன்னொரு நிகழ்ச்சி கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். 2022-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று, 2016, 2019 ஆகிய பதிப்புகள் ஓடிய பல இடங்களில் கடிதங்கள் வரிசையிலேயே தேங்கி நின்றன. கடிதங்களில் தீய நிரல் உண்டா என்று சோதிக்கும் பகுதி, நாளை ஓர் எண்ணாக எழுதி வைத்திருந்தது. ஆண்டு 22, திங்கள் 01, நாள் 01 என்று கோத்தபோது அந்த எண் 2201010001 ஆயிற்று. அதனை வைக்க ஒதுக்கிய இடமோ 32 துணுக்குகள் கொண்டது. அவற்றுள் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்கே போய்விடும். எஞ்சிய 31 துணுக்குகளில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. 21 என்று தொடங்கிய வரையில் எண் அடங்கியது. 22 என்று தொடங்கியதும் வழிந்துவிட்டது! உற்பத்தி செய்த நிறுவனம் அப்பதிப்புகளை அன்று பராமரித்து வந்தமையால் பரிகாரம் விரைந்து கிடைத்தது. அவ்விரு பதிப்புகளுக்கும் வழக்கமான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. இனி அத்தகைய தொல்லை நேர்ந்தால் அலுவலகம் தனித்து நிற்க வேண்டியதுதான்.

சரி, மாறுவதென்று முடிவு செய்தாயிற்று. எப்படி மாறுவது? 2000-ஆம் ஆண்டின் பதிப்பிலிருந்து 2003-ஆம் ஆண்டின் பதிப்புக்கு அதே கணிப்பொறியிலேயே ஏற முடிந்தது. 2007-ஆம் ஆண்டின் பதிப்பு 64 துணுக்குப் பொறியையே வேண்டியமையால் அவ்வழி அடைபட்டது. அது முதல் 2019 வரை வந்த ஒவ்வொரு பதிப்புக்கும் புதிய சர்வரை அமைத்து, பெட்டிகளை அதற்குக் கொண்டுசெல்வதே முறையாயிற்று. இதில் இரட்டை வகுப்பு மாற்றமும் கிடையாது. 2010-இல் நின்றவர் நேரே 2019-க்குத் தாவ இயலாது. இடையில் 2013 அல்லது 2016-இல் தங்கிச் செல்ல வேண்டும். நெடுநாள் ஒத்திப்போட்ட அலுவலகத்திற்கு ஒரு குடிபெயர்ச்சி இரண்டாகிவிடுவது இதனால்தான். மாற்றத்தின் செலவை எண்ணி அஞ்சுவோர் ஒத்திப்போடுதலின் செலவைக் கணக்கில் எழுதுவதே இல்லை.

கடிதங்களைச் சுமந்து செல்வதுதான் பெரும் பாடு என்று நாம் எண்ணுவோம். உண்மையில் அஃது எளிய பகுதி. நூறு பேருக்குத் தலைக்குப் பத்து கிகாபைட் பெட்டி என்று கொண்டால் ஆயிரம் கிகாபைட் ஆகும். மணிக்கு இருபது கிகாபைட் நகர்ந்தால் ஐம்பது மணி நேரத்தில் முடியும். 2010-ஆம் ஆண்டின் பதிப்பு முதல், ஊழியர் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே பெட்டி பின்னணியில் நகல் ஆகிறது. கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே பூட்டப்படும். ஒன்றை மட்டும் மறத்தல் ஆகாது. சர்வர் தான் செய்யும் ஒவ்வொரு மாறுதலையும் முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறது. அந்நாட்குறிப்பின் ஒவ்வோர் ஏடும் 1 மெகாபைட் அளவுடையது. ஆயிரம் கிகாபைட் கடிதம் வந்து இறங்கினால் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஏடுகள் குவியும். காப்பு நகல் எடுத்தால்தான் அவை கழியும். அதனை மறந்து வெள்ளிக்கிழமை மாலை வேலையைத் தொடங்கிவிட்டு வீட்டுக்குச் சென்றவர், திங்கட்கிழமை காலையில் வட்டு நிரம்பிச் சர்வர் நின்றிருப்பதைக் காண்பார்.

உண்மையான இடர் பெயர்களில் இருக்கிறது. பள்ளியில் மாணவனை நாம் பெயர் சொல்லி அழைக்கிறோம். பதிவேடோ அவனைச் சேர்க்கை எண்ணால் அறிகிறது. அதுபோல, அலுவலகத்திற்குள் ஒருவர்க்கொருவர் எழுதும் கடிதங்களில், நாம் காணும் முகவரியை விட்டு, வேறொரு நீண்ட உட்பெயரால் எக்ஸ்சேஞ்சு ஆளை அறிகிறது. முறையாகப் பெட்டியை நகர்த்தினால் உட்பெயரும் உடன் செல்லும். அவ்வாறன்றி, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிப் பழைய கடிதங்களை மட்டும் அதில் கொட்டினால், ஆளுக்குப் புதிய உட்பெயர் அமைந்துவிடும். பிறகு ஒருவர் இரண்டாண்டுக்கு முந்தைய கடிதத்தைத் திறந்து பதில் எழுதினால், "அப்படி ஒருவர் இங்கில்லை" என்று அது திரும்பி வரும். அந்த ஆளோ அடுத்த நாற்காலியில் அமர்ந்திருப்பார்! புதிய பெட்டிக்குப் பழைய உட்பெயரையும் கூடுதல் முகவரியாகச் சேர்ப்பதே இதற்கு மருந்து.

பெயர்த் தொல்லை வேறு உருவிலும் வரும். புதிய சர்வரை நிறுவிய நொடியிலேயே அது தன் இருப்பை அலுவலகத்தின் பெயரடைவில் அறிவித்துவிடுகிறது. ஊழியர் கடிதம் படிக்கும் அவுட்லுக் நிரல் அதனைக் கண்டு அங்கே போய்க் கதவைத் தட்டும். சர்வரின் அடையாளச் சான்றிதழ் இன்னும் இடப்படாதிருந்தால், ஊழியர் அனைவர் திரையிலும் எச்சரிக்கை தோன்றும். அதிகாரியின் பெட்டி புதிய இடத்திலும், அதனைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரின் பெட்டி பழைய இடத்திலுமாக இருந்தால், நாட்காட்டியைத் திறப்பதிலும் உரிமையைப் பகிர்வதிலும் சிக்கல் எழலாம். ஆதலின் ஒருவரோடொருவர் பிணைந்து வேலை செய்வோரை ஒரே இரவில் சேர்த்தே நகர்த்துதல் நலம். யார் யாரோடு பிணைந்திருக்கிறார் என்பது எந்தத் திரையிலும் முழுமையாகத் தெரியாது. அலுவலகத்தைச் சுற்றிவந்து கேட்டறிய வேண்டும்.

வெளியிலிருந்து வரும் கடிதங்களின் செய்தி இதனினும் நுட்பமானது. எந்த வாயிலில் கடிதத்தைக் கொடுப்பது என்று உலகிற்குச் சொல்லும் குறிப்பு இணையப் பெயரேட்டில் உள்ளது. மற்றவர்கள் அக்குறிப்பைப் படித்துக் குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்திருப்பர். அக்காலம் ஒரு நாள் என்றிருந்தால், மாற்றத்திற்கு முன்னரே அதனை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட வேண்டும். சர்வர் சில மணி நேரம் நின்றுபோனால் கடிதம் தொலையுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அனுப்பும் சர்வர் நான்கைந்து நாள் வரை மீண்டும் மீண்டும் முயலவேண்டும் என்பது அஞ்சல் நெறி. அஞ்ச வேண்டியது அரைகுறையாகத் திறந்த வாயிலுக்குத்தான். 4 என்ற எண்ணில் தொடங்கும் விடை "பிறகு வா" என்று பொருள்படும். 5-இல் தொடங்கும் விடை "வரவே வேண்டா" என்று பொருள்படும். பெட்டிகளின் பட்டியல் முழுமையாகச் சேராத புதிய சர்வர் "அப்படி ஒரு பெட்டி இல்லை" என்று 5-இல் விடை கூறிவிட்டால், கடிதம் அப்பொழுதே திரும்பிவிடும். ஒப்பந்தப்புள்ளிக்குக் கடைசி நாளன்று ஒரு சிறு வணிகர் அனுப்பிய விலைப்பட்டியல் இவ்வாறு திரும்பினால், இழப்பு அவருடையது. அலுவலகத்தில் ஒருவரும் அதனை அறியமாட்டார். நின்றுபோன சர்வரினும் தவறாக விடை கூறும் சர்வரே கொடியது.

இறுதியாக எஞ்சுவது பழைய சர்வர். மின்சாரத்தை நிறுத்தி மூலையில் வைத்துவிட்டால் முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறு செய்தால் அதன் பெயர் பெயரடைவில் நீங்காமல் நிற்கும். இல்லாத இடத்திற்குக் கடிதத்தை வழிப்படுத்த மற்ற சர்வர்கள் முயன்றுகொண்டிருக்கும். அதனினும் வேடிக்கை ஒன்றுண்டு. மாடியில் உள்ள ஸ்கேனர், சம்பளப் பட்டியல் அனுப்பும் நிரல், மின்தடை வந்தால் செய்தி அனுப்பும் கருவி ஆகியவை பழைய சர்வரின் எண்ணையே மனப்பாடமாகக் கொண்டிருக்கும். அவற்றிற்கென்று தனிப் பெட்டி இல்லாமையால் எந்தப் பட்டியலிலும் அவை இரா. மூத்த கருவிகள் சில பழைய மறைகுறியாக்க முறையையே அறிந்தவை. 2019-ஆம் ஆண்டின் பதிப்போ, இயல்பான அமைப்பில், டி.எல்.எஸ். 1.2 முறையையே ஏற்கும்.

ஆகவே முதலில் பழைய சர்வரின் குறிப்பேட்டைப் படித்து, இன்னும் அதனிடம் வருவோர் யாவர் என்று காண வேண்டும். பின்னர் ஓரிரு வாரம் அதனை நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும்; மாதக் கடைசி அந்த இடைவெளிக்குள் வருமாறு அமைத்தல் நல்லது, சம்பளப் பட்டியல் அப்போதுதான் புறப்படும். முறையீடுகள் ஓய்ந்த பிறகு மீண்டும் உயிர்ப்பித்து, அதில் மறைந்திருக்கும் அமைப்புப் பெட்டிகளையும் நகர்த்தி, எக்ஸ்சேஞ்சை விதிப்படி நீக்க வேண்டும். அதன் பின்னும் அதன் வட்டுகளில் பல ஆண்டுக் கடிதங்கள் அப்படியே கிடக்கும். அவற்றை மீட்க இயலாதவாறு அழித்த பின்னரே அப்பொறி பழைய சாமான்காரரின் வண்டியில் ஏறலாம்.