மக்னம் சுழல்துப்பாக்கிகளும் அவற்றின் சட்டக அளவும்

சுமப்பதற்கு இலகுவான படைக்கலம் சுடுவதற்கும் இலகுவானதாய் இருக்குமென எண்ணுதல் இயல்பு. பௌதிக விதிகளோ இவ்வெண்ணத்துக்கு மாறாக நிற்கின்றன. ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றிய .357 மக்னம் சுழல்துப்பாக்கியின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மக்னம் என்பது ‘பெரியது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். சிமித் அன்ட் வெசன் நிறுவனத்தார் 1935ஆம் ஆண்டில் இத்தோட்டாவுக்குரிய துப்பாக்கியை வெளியிட்டனர். அந்நாளிற் பொலிசாரிடையே பெருவழக்காயிருந்த .38 ஸ்பெஷல் தோட்டாவின் சன்னமும் இதன் சன்னமும் விட்டத்தால் ஒத்தவை. வெடிமருந்து எழுப்பும் அமுக்கமே வேறு. வலிய தோட்டா பழைய துப்பாக்கியினுட் புகுந்து அதனைச் சிதைத்துவிடாதிருத்தற்பொருட்டு, அதன் பித்தளைக் கூட்டை ஏறத்தாழ எட்டிலொரு அங்குலம் நீட்டினர். ஆதலின் மக்னம் துப்பாக்கியில் .38 தோட்டாவை இட்டுச் சுடலாம்; .38 துப்பாக்கியில் மக்னம் தோட்டாவை இடல் இயலாது.

குழல், உருளை, விசை ஆகியவற்றைத் தாங்கிநிற்கும் உலோக உடலே சட்டகமாகும். அதன் அளவுகளை அந்நிறுவனத்தார் ஆங்கில எழுத்துக்களாற் குறிப்பர். ‘என்’ பெரியது, ‘கே’ நடுத்தரமானது, ‘ஜே’ சிறியது. முதல் மக்னம் துப்பாக்கி ‘என்’ சட்டகத்தில் அமைந்தது. ஆறங்குலக் குழலுடன் அது ஏறக்குறைய 1.25 கிலோகிராம் நிறையுடையது.

நிறையின் பயனை நியூற்றனின் மூன்றாம் விதி கொண்டு அறியலாம். 10 கிராம் சன்னம் செக்கனுக்கு 380 மீற்றர் வேகத்துடன் முன்செல்லின், அதற்குச் சமமான உந்தத்துடன் துப்பாக்கி பின்செல்லும். வெடிவாயுவின் பங்கை ஒதுக்கிக் கணித்தால், 1.25 கிலோகிராம் துப்பாக்கி செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்துடன் கையை உதைக்கும். அதன் சத்தி ஏறக்குறைய 6 யூல். ஒரு கிலோகிராம் துப்பாக்கியில் இது 7 யூலாகும். 340 கிராம் துப்பாக்கியிலோ வேகம் 11 மீற்றராகவும் சத்தி 21 யூலாகவும் உயரும். சுமப்பவனுக்குப் பாரமாயிருப்பதே சுடுபவனுக்குக் காப்பாகின்றது.

ஆயினும் நாள் முழுதும் இடுப்பிற் சுமக்கும் காவலனுக்குப் பெருந்துப்பாக்கி தொல்லையே. எல்லைக் காவற்படையைச் சேர்ந்த பில் ஜோர்டன் என்பாரின் வேண்டுகோளை ஏற்று, 1955ஆம் ஆண்டில் ‘கே’ சட்டகத்தில் மக்னம் துப்பாக்கி ஆக்கப்பட்டது. மெல்லிய .38 தோட்டாவினாற் பயின்று, பணியில் மட்டும் மக்னத்தை இடுதல் அக்காலத்துப் பெருவழக்கு.

இவ்வழக்கின் குறை பின்னர் புலனாயிற்று. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கலிபோர்ணியாவின் நியூஹோல் என்னுமிடத்தில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் சில நிமிடங்களுள் சுட்டுக் கொல்லப்பட்டனர். .38 தோட்டாவிற் பயின்றிருந்த அவர்களுட் சிலர் அன்று மக்னம் தோட்டாவைக் கொண்டிருந்தனர். அவர்தம் முடிவுக்குக் காரணம் பலவாயினும், பணிக்குரிய தோட்டாவினாலேயே பயிற்சியும் நிகழவேண்டும் என்னும் கொள்கை இதன்பின் வலுப்பெற்றது.

மக்னத்தை மிகுதியாகச் சுடத் தொடங்கவே ‘கே’ சட்டகத்தின் மெலிவு வெளிப்பட்டது. அதிற் குழலின் பின்முனை, உருளையைத் தாங்கும் உறுப்புக்கு இடம்விடும்பொருட்டு அடிப்புறத்திற் சீவப்பட்டிருந்தது. எடை குறைந்த, வேகமிக்க சன்னங்களைத் தொடர்ந்து சுட்டபோது அம்மெல்லிய பகுதியில் வெடிப்புக்கள் உண்டாயின. 1980ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எல்’ சட்டகம் இதற்கு விடையாகும். ‘கே’யின் பிடியளவை மாற்றாது, உருளையையும் குழலின் அடியையும் அது பருமனாக்கிற்று.

சுமத்தலின் எளிமையையே முதன்மையாகக் கருதுவோர் ‘ஜே’ சட்டகத்தை நாடுவர். ஆறு தோட்டாவுக்குப் பதில் ஐந்தே கொள்ளும் இத்துப்பாக்கி, இலேசான கலப்புலோகங்களால் ஆக்கப்பட்டபோது 340 கிராம் அளவுக்கும் இறங்கிற்று. சட்டைப்பையில் மறையும் இதன் குறுங்குழலில் மருந்து முற்றாகப் பயன்படுவதில்லை. சன்னத்தின் வேகம் குறைய, கை பெறும் உதைப்போ மிகுகின்றது. சுடாத தோட்டாக்களின் சன்னங்கள் அவ்வுதைப்பினாற் கூட்டினின்றும் முன்னகர்ந்து உருளையைச் சுழலவிடாது தடுத்தலும் உண்டு. அன்றியும், கை நோகுங் கருவியைக் கொண்டு எவரும் நெடிது பயிலார்.

எனவே, எந்தச் சட்டகம் சிறந்தது என்னும் வினாவுக்குத் தனித்த விடை இல்லை. இலக்குப் பயிற்சிக்கும் வேட்டைக்கும் ‘என்’ ஏற்றது. மக்னத்தை இடையறாது சுடுவோர்க்கு ‘எல்’ ஏற்றது. மிகுதியாகச் சுமந்து குறைவாகச் சுடுவோர்க்குக் ‘கே’ பொருந்தும். மறைத்துக் கொள்ளுதலே நோக்காயின் ‘ஜே’, அதுவும்.38 தோட்டாவுடன், அமையும். குறைத்த நிறைக்குரிய விலையை யாரேனும் கொடுத்தே தீரவேண்டும். அதனைக் கொடுப்பது சுடுபவனின் கையே என்பதைத் தேர்வுக்கு முன்னரே உணர்தல் அறிவுடைமையாகும்.