இழை அறுந்தால் நிற்கும் தறி

தறியிலே பாவிழை ஒன்று அறுந்தால் அதனை உடனே கண்டு தறியை நிறுத்துதல் நெய்வோன் கடன். அறுந்தமை அறியாது நெய்துகொண்டே போனால் துணியின் நீளம் முழுவதும் அக்குறை ஓடும். விசையினால் இயங்கும் தறி வந்தபோது அதற்குக் கையும் காலும் இருந்தன, கண் இருக்கவில்லை. ஆதலின் அதனருகே ஒருவர் ஓயாது காவல் நிற்க வேண்டியதாயிற்று. யப்பான் தேசத்திலே சக்கிச்சி ரொயோடா என்னும் தச்சர் மகன் பல்லாண்டு முயன்று, இழை அறுந்த கணத்திலே தானே நின்றுவிடும் தறியை ஆக்கினார். 1924ஆம் ஆண்டில் நிறைவெய்திய அத்தறியின் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாற் சகோதரர் நிறுவனம் விலைகொடுத்துப் பெற்றது. உலகுக்கெல்லாம் தறி விற்ற நாடு யப்பானியன் ஒருவனிடம் தறிநுட்பம் வாங்கிற்று என்பது அக்காலத்தில் சிறிய செய்தி அன்று.

அவர் மகன் கீச்சிரோ 1937இல் நிறுவிய மோட்டார் நிறுவனமே இன்றைய ரொயோட்டா. தந்தையின் தறியறிவு மைந்தனின் மோட்டார்ச் சாலைக்குள்ளும் புகுந்தது. வண்டிகள் வரிசையாக நகர்ந்து செல்லும் இடத்திலே தொழிலாளியின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு கட்டப்பட்டது. ஓர் ஆணி சரியாக இறங்கவில்லை, ஒரு கதவு பொருந்தவில்லை என்று கண்டவன் அக்கயிற்றை இழுக்கலாம். இழுத்தல் அவனுக்கு உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். குறை தீராவிடின் வரிசை முழுவதும் நின்றுவிடும். பழைய மோட்டார் நிறுவனங்களின் கட்டுறுதி என்று நாம் புகழ்வனவெல்லாம், கதவைச் சாத்துங்கால் எழும் கனத்த ஓசை, தகடுகளுக்கிடையே ஒரே அளவாய் ஓடும் கீற்று என்பன போன்ற புறத்தோற்றங்களே. அவற்றின் வேர் இந்தக் கயிற்றிலே இருக்கின்றது. மின்வண்டிகள் பெருகிவரும் இந்நாளில் அந்த வேர் என்னாயிற்று என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க விழைவது.

இதனைக் காண்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் பிறீமொன்ற் என்னும் ஊரிலுள்ள தொழிற்சாலை ஒன்றே போதும். அது முதலில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்துக்கு உரியதாயிருந்தது. வேலைக்கு வராதோர் பலர். வந்தவருக்கும் மேலதிகாரிகளுக்கும் ஓயாத பிணக்கு. 1982இல் அது மூடப்பட்டது. பின்னர் ஜெனரல் மோட்டோர்ஸும் ரொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்து 1984இல் மீண்டும் அதனைத் திறந்தன. வேலைக்கு எடுக்கப்பட்டோரிற் பெரும்பாலோர், ஆகாதவர் என்று முன்னர்த் தள்ளப்பட்ட அதே தொழிலாளரே. அவர்களுட் பலரை யப்பானுக்கு அழைத்துச் சென்று பயிற்றினர். வரிசையை நிறுத்தும் கயிற்றை அவர்தம் கையிலும் கொடுத்தனர். இரண்டொரு ஆண்டுக்குள் அங்கே ஆன வண்டிகள் யப்பானில் ஆனவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கனவாயின. மாணாக்கனைப் பழித்துத் தம்மைத் தேற்றிக்கொள்ளும் ஆசிரியர்க்கு இவ்வரலாற்றைச் சொல்லிவைத்தல் நன்று.

2009இல் ஜெனரல் மோட்டோர்ஸ் முறிவடைந்து கூட்டிலிருந்து விலகிற்று. 2010இல் அத்தொழிற்சாலை ரெஸ்லா என்னும் இளம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. கூரை அதுவே, உள்ளே நிகழ்ந்தது வேறு. மொடல்-3 என்னும் வண்டியைப் பெருந்தொகையாக ஆக்க முனைந்தபோது, மனிதர் செய்வன யாவற்றையும் இயந்திரக் கைகளிடம் ஒப்படைக்க ரெஸ்லா முயன்றது. அம்முயற்சி இடறிற்று. இயந்திரங்களை அளவிறந்து நம்பியது தவறு என அதன் தலைவர் எலோன் மஸ்க் 2018இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். வாரத்துக்கு 5,000 வண்டி என்னும் இலக்கை எட்டுதற்பொருட்டுத் தொழிற்சாலை வளவினுள் பெருங்கூடாரம் அமைத்து, அதனுள்ளும் ஒரு வரிசை நடத்தினர். அவ்வாண்டில் வெளிவந்த வண்டிகளிற் பலவற்றின் தகடுகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் நின்றன. ஒரு வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஆராய்ந்த சாண்டி மன்றோ என்னும் பொறியியலாளர் அதன் உடற்கட்டை இகழ்ந்தார். மின்னணு அமைப்பையோ வியந்து பாராட்டினார்.

இகழ்ச்சியும் வியப்பும் ஒரே வண்டிக்கு உரியனவானமை கருதத்தக்கது. 2018 மே மாதத்தில் கன்சியூமர் றிப்போர்ட்ஸ் என்னும் அமெரிக்கச் சஞ்சிகை, மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் மொடல்-3 தடையிட்டபின் நிற்பதற்கு 152 அடி தூரம் எடுக்கின்றது எனக் குறைகூறி, அதனைப் பரிந்துரைக்க மறுத்தது. சில நாட்களில் ரெஸ்லா வானலை வழியே திருத்திய மென்பொருளை அனுப்பிற்று. தூரம் 133 அடியாகக் குறைந்தது. ஒருவரும் ஓர் ஆணியையும் தொடவில்லை! கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தும் மரபில் வளர்ந்தோர் கனவிலும் கண்டிராத திருத்தம் இது. ஆயினும் கோணிய கதவை மென்பொருளால் நிமிர்த்த இயலாது என்க.

புதியவர் உடற்கட்டில் இடறினர் எனின், பழையவர் மின்வண்டியில் நிமிர்ந்து நின்றனரோ? ஜேர்மனியின் வொல்க்ஸ்வாகன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஐடி-3 என்னும் வண்டி, மென்பொருள் முற்றுப்பெறாமையாற் பெரிதும் அல்லற்பட்டது. ரொயோட்டாவுக்கு நேர்ந்ததோ இன்னும் வியப்பானது. உலகெங்கும் விற்பதற்கென அந்நிறுவனம் ஆக்கிய முதல் மின்வண்டி 2022 மே மாதத்தில் யப்பானிற் சந்தைக்கு வந்தது. ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 2,700 வண்டிகள் திருப்பி அழைக்கப்பட்டன. சில்லைக் குடத்தோடு பிணிக்கும் ஆணிகள் ஓடுங்கால் தளர்ந்து, சில்லே கழன்றுவிடக்கூடும் என்பது காரணம். மின்கலத்திலன்று, மென்பொருளிலன்று, மாட்டுவண்டிக் காலந்தொட்டு மனிதன் அறிந்த சில்லிலே குறை! தீர்வு காண அக்டோபர் வரை சென்றது. வேண்டாதாரிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் நிறுவனம் முன்வந்தது. பழம்பெருமை தானாகப் புதிய வண்டிக்குள் ஏறி அமர்ந்துகொள்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் இப்பொருளின் மையம் எனக்குப் புலப்படுவது வேறோரிடத்தில். ஜெனரல் மோட்டோர்ஸ் ஆக்கிய செவ்ரொலெற் போல்ற் என்னும் மின்வண்டிகள் சில, நின்ற நிலையிலேயே தீப்பற்றின. ஆராய்ந்து ஆராய்ந்து, இறுதியில் 2021 ஆகஸ்டில், அதுகாறும் ஆக்கிய 140,000க்கு மேற்பட்ட வண்டிகள் யாவற்றையும் திருப்பி அழைத்தனர். அயல்வண்டிகளிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துமாறும் உரியவர்களுக்கு அறிவுறுத்தினர். கண்ட காரணம் யாது? மின்கலத்தினுள்ளே நேர்முனைப் படலத்தையும் எதிர்முனைப் படலத்தையும் ஒன்றையொன்று தொடாது பிரித்து வைக்கும் மெல்லிய தாள் ஒன்று உண்டு. சில கலங்களில் அத்தாள் மடிந்திருந்தது. அக்கலத்திலேயே எதிர்முனையின் நாக்குப் போன்ற ஓரமும் கிழிந்திருந்தது. இரண்டும் ஒருங்கே அமைந்தவிடத்துத் தீ மூண்டது. கலங்களை ஆக்கிய கொரிய நாட்டு எல்ஜி நிறுவனம் ஏறத்தாழ இருநூறு கோடி டொலர்ச் செலவிற் பெரும்பங்கை ஏற்க நேர்ந்தது.

மடிந்த தாளும் கிழிந்த ஓரமும்! நெசவாளி ஒருவனிடம் இதனைச் சொன்னால் அவனுக்கு விளக்கம் வேண்டுமோ? மின்வண்டியின் உயிர்நிலை நுட்பம் எனப்படுவது, படலத்தைப் படலத்தின்மேல் மடிப்பின்றிச் சுருட்டியும் அடுக்கியும் செல்லும் வேலையே. நெசவுக்கு மிக அண்மையது. அங்கே வேண்டுவது இழை அறுந்தால் நிற்கும் தறியின் அறிவு. கட்டுறுதி மறைந்துவிட்டது என்று வருந்துவோரும், அது பழங்கதை என்று எள்ளுவோரும் ஒருசேரத் தவறு செய்கின்றனர் என்றே எனக்குத் தோன்றுகின்றது. அது தகட்டை விட்டுக் கலத்தினுள்ளே குடிபெயர்ந்துள்ளது. ஆனால் தகட்டின் கோணலை வாங்குவோன் கண்ணாற் கண்டான். தாளின் மடிப்பை அவன் காணமாட்டான்.

காணவியலாமையின் துன்பத்தை நம்மவரும் சிறிது அறிவர். நிசான் நிறுவனம் 2010இல் வெளியிட்ட லீவ் என்னும் மின்வண்டியின் கலங்களுக்கு நீராற் குளிர்விக்கும் அமைப்பு இல்லை. அமெரிக்காவின் வெப்பம் மிக்க அரிசோனாவில் அவை விரைந்து வலுவிழந்தமை 2012இலேயே பேசப்பட்டது. 2015 அளவில், யப்பானில் ஓடிப் பழகிய லீவ் வண்டிகள் இலங்கைக்கு மிகப் பலவாக வந்தன. இருக்கையிலும் கதவிலும் குறை காண்பதற்கில்லை. ஆனால் வண்டி இனி எத்தனை மைல் ஓடும் என்பதை அவை சொல்லமாட்டா. இதற்கு மறுதலை யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கார்கள். 1990களின் தடைக்காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் மூச்சுப் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடிய அவற்றை, எந்தக் கராச்சிலும் கழற்றிப் பூட்டலாம். புகையும் நாற்றமும் பொறுக்கமுடியாதனவே. அவற்றை மீட்டழைக்க எவரும் விரும்பார். ஆனால் அவற்றில் மறைபொருள் என ஒன்றும் இருந்ததில்லை.

சீனாவின் பிவைடி நிறுவனம் 1995இல் தொடங்கியது மின்கலம் ஆக்குதற்கே; மோட்டார்த் தொழிலிற் புகுந்தது 2003இல். கலத்தை முன்னரும் காரைப் பின்னரும் பயின்றோர் அவர்கள். ரொயோட்டாவோ காரை முன்னர்ப் பயின்றது. 2022இல் சீனச் சந்தைக்கென ரொயோட்டா அறிவித்த பிஸெட்-3 என்னும் மின்வண்டியின் முகப்பில் ரொயோட்டாவின் இலச்சினை இருக்கின்றது. அடித்தளத்திலே கிடக்கும் மின்கலங்கள் பிவைடியினுடையவை.