வால்யூமைக் குறைத்தால் பாட்டும் குறையுமா?

குட்டீஸ், மதுராந்தகம் ஏரி நிரம்பினால் நீர்மட்டம் 23.3 அடி. அடிக்கு ஒரு கோடு போட்டு அளந்தால் 23 கோடுகள் பயன்படும். தண்ணீர் 3 அடிக்கு இறங்கினால்? மூன்றே கோடுகள்தான்!

1982-ல் வெளிவந்த சி.டி.யிலும் இதே கதைதான். ஒலியை அளக்க அதில் 65,536 படிகள். பழைய 16 பிட் கருவியில் டிஜிட்டல் முறையில் ஒலியைப் பாதியாக்கினால் 32,768 படிகளே மிஞ்சும். ரொம்பக் குறைத்தால் வீணையின் மெல்லிய அதிர்வுகள் காணாமல் போய்விடும். பிறகு ஸ்பீக்கரைக் கூட்டினாலும் அவை திரும்பாது. 'உஸ்'ஸென்ற இரைச்சல்தான் பெருகும்!

24 பிட் கருவியில் 1 கோடியே 67 லட்சம் படிகளுக்கு மேல் உண்டு. அதனால் குறைத்தாலும் இழப்பு காதுக்குத் தெரியாது.

வீட்டில் சோதித்துப் பாருங்கள். முதலில் ஸ்பீக்கர் குமிழை நன்றாகக் குறையுங்கள். அப்புறம் கம்ப்யூட்டர் வால்யூமைக் கூட்டிவிட்டு, குமிழை மெல்லத் திருகுங்கள். இரைச்சல் குறைகிறதா?