ரசிகர்களே உருவாக்கிய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' மோட்... அதற்கு இரண்டாம் பாகம் தேவையா?

ஆட்டைத் தேடி ஸ்கவுட் குதிரையை விரட்டியதும், காஸில் கட்ட 650 கல் சேர்வதற்குள் எதிரி வாசலில் வந்து நின்றதும் ஞாபகம் இருக்கா? 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாடியவர் என்றால் கண்டிப்பாக இருக்கும்.

1999-ல் வந்த கேம் அது. அடுத்த வருடம் 'தி கான்கரர்ஸ்' என்ற கூடுதல் பாகம் வந்தது. அதன்பிறகு நீண்ட மௌனம். 2009-ல் அதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். 'அவ்ளோதான், கதை முடிஞ்சுது' என்று எல்லோரும் நினைத்தபோது, ரசிகர்கள் சிலர் களத்தில் இறங்கினார்கள். 2012 டிசம்பரில் 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்ற மோடை இலவசமாக வெளியிட்டார்கள்.

மோட் என்றால் என்ன?

ஏற்கெனவே இருக்கும் ஒரு கேமின் மேல் ரசிகர்களே செய்யும் மாற்றம்தான் மோட். வீடு இன்னொருவருடையது, அதில் நாம் கட்டும் மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம் நம் கையில் இல்லை. இந்த மோடில் இன்கா, இத்தாலியர், மக்யார், ஸ்லாவ், இந்தியர் என ஐந்து புதிய நாகரிகங்கள் வந்தன.

'இரண்டாம் பாகம் எப்போ?'

ஒரு மோட் மனசுக்குப் பிடித்துவிட்டால் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அதற்கு ஒரு நல்ல உதாரணம் 'டோட்டா'. 'வார்கிராஃப்ட் 3' கேமுக்குள் ஒரு வரைபடமாக 2003-ல் பிறந்தது. பழைய வீட்டில் இடம் போதவில்லை. பாதியில் இன்டர்நெட் கட்டானால் திரும்பி வந்து சேர்வதே பெரும்பாடு. அதற்குத் தனி வீடே தேவைப்பட்டது. 2013-ல் வால்வ் நிறுவனத்தின் 'டோட்டா 2' வந்தது.

ஃபர்காட்டன் எம்பயர்ஸ் போன பாதை வேறு. தனியாக இரண்டாம் பாகம் என்று அது கிளம்பவில்லை. 2013 நவம்பரில் 'தி ஃபர்காட்டன்' என்ற பெயரில் அதிகாரபூர்வ கூடுதல் பாகமாகவே சேர்த்துக்கொள்ளப்பட்டது. 2019-ல் வந்த 'டெஃபினிட்டிவ் எடிஷன்' உருவாக்கத்திலும் அதே குழுவுக்கு முக்கியப் பங்கு. விளையாட்டாக ஆரம்பித்தவர்களுக்கு அதுவே தொழிலாகிவிட்டது!

நமக்கு என்ன லாபம்?

இங்கேதான் சுவாரஸ்யமே. 2012 மோடில் மொத்த இந்தியாவுக்கும் ஒரே நாகரிகம்தான். பத்து வருடம் கழித்து, 2022-ல் 'டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வந்தபோது அந்தத் தவறு சரியானது. பழைய 'இந்தியர்' இந்துஸ்தானியர் ஆனார்கள். வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் எனப் புதிதாக மூன்று நாகரிகங்கள் சேர்ந்தன. உருமி வீசும் வீரர்கள், திரிசடைக் கப்பல், கூடவே ராஜேந்திர சோழனின் கதை. அடுத்த பாகத்துக்காக அடித்தளத்தை இடித்திருந்தால் இதெல்லாம் இதே கேமில் கிடைத்திருக்குமா?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அதே வரிசையில் மூன்றாம் பாகம் 2005-லும், நான்காம் பாகம் 2021-லும் வந்துவிட்டன. ஆனாலும் இரண்டாம் பாகத்தை விட்டு நகராதவர்கள் ஏராளம். புதுசு வந்துவிட்டால் பழசு செத்துவிடும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால், விளையாடும் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஏற்கெனவே சின்னக் கூட்டம் என்றால், இரண்டு பக்கமும் எதிராளி கிடைக்காமல் காத்திருக்க வேண்டியதுதான்.

எப்போது தேவை?

எனவே, உங்களுக்குப் பிடித்த மோடுக்கு அடுத்த பாகம் கேட்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

* நீங்கள் ஆசைப்படும் மாற்றத்தைப் பழைய கேம் தாங்குமா? தாங்கும் என்றால் ஓர் அப்டேட்டே போதும்.
* புதுசுக்குப் போனால் கூட விளையாடும் நண்பர்களும் வருவார்களா?
* செய்பவர்களுக்கு நேரமும் தெம்பும் இருக்கா? அவர்களில் பலர் வேலை முடிந்து வந்து, தூக்கத்தைத் தியாகம் செய்து உழைப்பவர்கள்.

முதல் கேள்விக்கு 'தாங்காது', மற்ற இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் தாராளமாகக் கேளுங்கள். இல்லையென்றால், இருக்கும் மோடை இன்னொரு நண்பருக்கு அறிமுகப்படுத்துங்கள். ஒரு மோட் நீண்ட நாள் வாழ அதைவிடப் பெரிய உதவி வேறில்லை!